நான் விட்டுவிட்ட நான்கு வரிகள்

நீல அட்டை போட்ட ரஃப் நோட்டு அது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் என் கையெழுத்து. பின்பக்கத்திலிருந்து புரட்டினால் உன் வகுத்தல் கணக்கு. அப்போது நீ நாலாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, நான் வேர்த்து விறுவிறுத்து உன் வகுப்பு வாசலில் வந்து நின்றேன். டீச்சரிடம் கேட்டு, உன் பையைத் திறந்து, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலும் நீ அழுதாய். இன்றைக்கும் பேச்சு வந்தால், "அப்பா என் நோட்டப் பிடுங்கிட்டு ஓடுனாருடா" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிக்கிறாய். எதற்காகப் பிடுங்கினேன் என்று நான் ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் இருவரும் வளர்ந்துவிட்டீர்கள். உங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், தெரிந்த சங்கதியையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். தொண்ணூறுகளில் திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். புத்தகப் படிப்பு குறைவு. கை நடுங்காமல் சோல்டர் வைப்பேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து ஒரு நாள், புகை வந்த யு.பி.எஸ். ஒன்றை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கடைக்கு வந்தார். நான் அதைப் பிரித்துப் பார்க்கும் வரை நகராமல் நின்று என் கையையே கவனித்தார். பிறகு முதலாளி காதில் விழும்படியே கேட்டார்: "அண்ணே, எங்கிட்ட வேலைக்கு வாரீங்களா?" முதலாளி சும்மா இருப்பாரா? "போப்பா, போ. இங்க டிவி பாக்குறவங்க கூப்பிடுறாங்க, அங்க கம்ப்யூட்டரே கூப்பிடுது" என்றார். நான் போனேன். அடுத்த வாரமே என் ஸ்டூலில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்.

அவரைத்தான் நான் மேடம் என்று கூப்பிட்டேன். என்னைவிட ஏழு வயது இளையவர். கடைசி வரை என்னை அண்ணே என்றே சொன்னார். மேட்டுப்பட்டியில் அவருடைய வீடு. அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தெருவில் எல்லாருக்கும் எச்.எம். ஐயா. மேடம் பெங்களூருவில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருந்தார். அம்மா முன்பே தவறிவிட்டார். அண்ணன் வெளிநாட்டில். எச்.எம். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லை. பகலில் ஒரு ஆயா வருவார். ஆனால் ஐயா மகள் கையால் ஊட்டினால்தான் விழுங்குவார். மற்றவர் ஊட்டினால் வாயோரம் வழிந்துவிடும். மேடம் கம்பெனியில் மன்றாடி, வீட்டு மாடியில் ஒரு அறையை வேலைக்கூடமாக்கிக்கொண்டு இங்கேயே இருக்க அனுமதி வாங்கினார். பரீட்சார்த்தமாகத்தான், ஒரு வருடம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரு வேலையா என்று ஊரே சிரித்த காலம் அது.

என்ன வேலை என்று சொல்ல வேண்டும். ராத்திரி பகல் நிற்காமல் ஓடும் பெரிய கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். அதன் போர்டில் இரண்டு மூளை உண்டு. பெரியது கணக்குப் போடும், அது பிராசஸர். சின்னது கணக்குப் போடாது. போர்டு சூடாகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, கரண்ட் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பெரியது மயங்கி விழுந்துவிட்டது என்று அதற்குத் தோன்றினால், கரண்டை நிறுத்தி மறுபடி எழுப்பிவிடும். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருக்கும். நாங்கள் வாட்ச்மேன் என்போம். இரண்டும் பேசிக்கொள்ள, நடுவில் ஏழெட்டு மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளின் கூட்டத்துக்குத் தொழிலில் பஸ் என்று பெயர். இதை உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "டிவி கடைய விட்டுட்டுப் பஸ்ஸுக்குப் போறேங்கிறீக. டிரைவராவா, கண்டக்டராவா?" என்று கேட்டாள்.

கம்பெனி புதிதாக ஒரு போர்டு செய்துகொண்டிருந்தது. அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதில் ஓட வேண்டிய புரோகிராமை அதுவரை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் ஓட்டிப் பார்க்கப் போர்டு இல்லை. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, புரோகிராமால் ஒரு பொய்க் கம்ப்யூட்டரைக் கட்டிவிடுவது. வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதற்குள் ஓடும் புரோகிராமுக்குத் தான் ஓடுவது நிஜச் சிப்பில் இல்லை என்பதே தெரியாது. பெரிய மூளை போல நடிக்கும் பாகம் ஏற்கெனவே தயாராக இருந்தது. வாட்ச்மேனையும், இரண்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸையும் நடிக்க வைப்பதுதான் மேடத்தின் பொறுப்பு. பெரியது ஒரு கேள்வியைக் கோட்டில் போட்டால், பொய்ப் பஸ் அதைக் கொண்டுபோய்ப் பொய் வாட்ச்மேனிடம் கொடுத்து, பதில் வாங்கி வந்து, நிஜத்தில் எப்படி வருமோ அச்சாக அப்படியே தர வேண்டும். நிஜத்தில் எப்படி வருகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அதற்காகப் பழைய மாடல் போர்டு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பஸ் ஏறக்குறைய அதேதான். சிப்பின் கால்களில் கொக்கி மாதிரிச் சின்னச் சின்ன க்ளிப்புகளை மாட்டி, லாஜிக் அனலைசர் என்ற கருவியின் திரையில் பார்ப்பேன். கம்பெனி தள்ளிவைத்திருந்த பழைய கருவி அது. பார்த்ததைச் சேமித்து வைக்கும் பாகம் செத்துப்போயிருந்தது. திரையில் நிற்கும் மேடு பள்ளங்களைக் கண்ணால் எண்ணிக் கையால்தான் எழுத வேண்டும். கேள்வி என்ன, பதில் என்ன, நடுவில் எவ்வளவு நேரம். இப்படி மூன்று கட்டம் போட்டு, ஐந்து வாரத்தில் அறுபது வரி எழுதினேன். எழுதியது அந்த நீல நோட்டில்.

அறுபதில் நான்கு வரி மட்டும் கோணலாக இருந்தது. கேள்வி போன பிறகு வாட்ச்மேன் "பொறு, பொறு" என்று சைகை காட்டிவிட்டு, மற்ற நேரத்தைப் போலப் பத்து மடங்கு தாமதித்துப் பதில் சொன்னது. அப்படி வந்தபோதெல்லாம் க்ளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்ப்பேன். சரியாக வந்துவிடும். ஆகவே கோளாறு க்ளிப்பில், இல்லாவிட்டால் என் கையில் என்று முடிவு கட்டினேன்.

ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அளவெடுத்துக் கோடு வரையும்போது ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்றால், வாத்தியார் பார்ப்பதற்குள் அதை அழித்துக் கோட்டின் மேல் வைத்துவிடுவோம். விலகின புள்ளியோடு போய் நின்றால், "கை சுத்தமில்லடா ஒனக்கு" என்று நோட்டு ஜன்னல் வழியாகப் பறக்கும். எங்கள் செட்டில் எல்லாரும் அப்படித்தான். ரஃப் நோட்டு வேறு, ரெக்கார்டு நோட்டு வேறு. ரெக்கார்டு நோட்டில் உலகத்தில் எல்லாமே சரியாக நடக்கும். அந்தப் பழக்கத்தில், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமலேயே, மேடத்துக்காக எழுதிய ஃபேர் நோட்டில் ஐம்பத்தாறு வரி எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, இரண்டு மையில் எழுதியிருந்தேன். "அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே" என்று மேடம் பாராட்டினார். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த நீல நோட்டு இனி எதற்கு? ரஃப் நோட்டு தீர்ந்துவிட்டது என்று நீ நச்சரித்துக்கொண்டிருந்தாய். உன்னிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த ஐம்பத்தாறு வரியை வைத்து மேடம் பஸ்ஸைக் கட்டினார். நாற்பது நாள் ஆயிற்று. பொய்ப் போர்டு திரையில் உயிர்பெற்று எழுந்த அன்று ஆயாவிடம் சொல்லிக் கேசரி கிண்டச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அவர் கெட்டிக்காரர். ஒரு நாள் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, பதில் எப்பவுமே இம்புட்டு வெரசாவா வருது? ஒரு தடவகூட லேட்டாகலையா?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாட்ச்மேன் சூடு பாத்துக்கிட்டு இருக்கும்போது கேட்டாக்கூடவா?"

"நோட்டுல இருக்கதுதான் மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. க்ளிப்பை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற ஒரே எண்ணம். அவர் தலையாட்டினார். பதில் இவ்வளவு நேரத்துக்குள் வராவிட்டால் வாட்ச்மேன் இல்லை என்று வைத்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு எல்லை வைத்தார். என் நோட்டை நம்பி வைத்த எல்லை அது.

கம்பெனி கொடுத்திருந்த ஒரு வருட முடிவில் பெங்களூரு மேனேஜரிடமிருந்து போன் வந்தது. அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். அத்தனை வருடம் வெளியூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. எப்போதும் மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதைக்குத்தான் எனக்குப் பயம். மேடம் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏனுங்கம்மா, புதுப் போர்டு புதன்கிழமை உங்க கைக்கு வந்துருமுங்க. திங்கக்கிழமை நானே வாரனுங்க. ஓடுச்சுன்னா அந்த ரூம் அங்கயே இருக்கட்டும். ஓடலீன்னா மூடிப்போட்டு நீங்க இங்க வந்துருங்க. எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்கல்லங்க."

"அப்பாவ விட்டுட்டு எப்படி சார் வர்றது?"

"கூட்டிட்டே வாங்கம்மா."

போனை வைத்துவிட்டு மேடம் படியில் இறங்கிப் போனார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுப்பதற்கே, அசைத்தால் இன்னொரு தடவை வரும் என்று பயந்த டாக்டர், பெங்களூருக்கு விடுவாரா? மேடம் போனால் ஐயா யார் கையால் சாப்பிடுவார்? இதற்குப் பதில் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

புதன்கிழமை போர்டு வந்தது. ஒன்றே ஒன்று. பச்சைத் துணி விரித்த மேசையில் வைத்து, மேடம் புரோகிராமை ஏற்றினார். நான் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. மேடம் சிரித்தார். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு எண்ணியதும் ஃபேன் ஓய்ந்தது. மூன்று நொடி அமைதி. தானாக மறுபடி சுற்றியது. எட்டு. ஓய்ந்தது.

அன்று முழுக்க அதுதான். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றினோம். ஒவ்வொரு காலாகத் தொட்டு அளந்தேன். மேடம் புரோகிராமை வரி வரியாகப் படித்தார். அதே புரோகிராம் பக்கத்துத் திரையில், பொய்ப் போர்டில், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த நிஜப் போர்டு விழுவதும் எழுவதுமாக இருந்தது. ஃபேன் சத்தம் கீழே வரை கேட்கும். வியாழக்கிழமை நான் தண்ணீர் குடிக்கக் கீழே போனபோது, எச்.எம். ஐயா மேலே சீலிங்கையே பார்த்தபடி கிடந்தார். சத்தம் நின்றதும் அவர் கண் வாசல் பக்கம் திரும்பியது. சத்தம் வந்ததும் மறுபடி மேலே போனது. மேடம் கேழ்வரகுக் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லப்பா, புது மெஷினு, மக்கர் பண்ணுது" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுப் போர்டின் பஸ்ஸில் க்ளிப்பை மாட்டித் திரையைப் பார்த்தேன். பெரியது "எழுந்துவிட்டேன்" என்று கேள்வி போட்டது. வாட்ச்மேன் "பொறு, பொறு" என்றது. பெரியது எல்லை வரை பொறுத்துவிட்டு, பதில் இல்லை என்று முடிவு செய்து பேச்சை நிறுத்தியது. அதற்குப் பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, வாட்ச்மேனின் பதில் வந்தது. கேட்க ஆளில்லை. பெரியவனிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லை என்று பார்த்த வாட்ச்மேன், மயங்கிவிட்டான் என்று நினைத்து எட்டாவது நொடியில் கரண்டை நிறுத்தியது. புதுப் போர்டில் சூடு பார்க்க வேண்டிய இடங்கள் அதிகம்; ஆகவே எழுந்ததும் வாட்ச்மேனுக்கு மூச்சு விட நேரமில்லை. பழைய போர்டில் எப்போதாவது நடந்தது இங்கே ஒவ்வொரு முறையும் நடந்தது. அந்த இடைவெளியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான்கு தடவை.

"க்ளிப்பு லூசாண்ணே? மாத்தி மாட்டுங்க" என்றார் மேடம்.

மாட்டினேன். அதேதான் வந்தது. மேடம் என் ஃபேர் நோட்டை எடுத்துக் கடகடவென்று புரட்டினார். "அம்பத்தாறு வரி. ஒண்ணுலகூட இப்படி இல்ல. அப்ப இந்தப் போர்டுலதான் கோளாறு. வாட்ச்மேன் சிப்பே பழுதுண்ணே. சாருக்குச் சொல்லிருறேன், திருப்பி அனுப்பிருவோம்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அவர் அப்படிச் சொல்லி, போர்டு பெங்களூரு போய், அங்கே அது நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்தது. அறை போகும். அதோடு அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகும்.

"மேடம், ஒரு மணி நேரம் பொறுங்க. போன் மட்டும் பண்ணாதீங்க."

"எதுக்குண்ணே?"

"வந்து சொல்றேன்."

மணி பதினொன்று. மொபெட்டைத் தாடிக்கொம்பில் இருக்கும் நம் வீட்டுக்கு விரட்டினேன். வீட்டில் உங்கள் அம்மா, "அந்த நீல நோட்டா? அவ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாளே. ஏங்க, மொகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். வண்டியைத் திருப்பிப் பள்ளிக்கூடம் வந்தேன். மற்றது உனக்கு நினைவிருக்கும். "அப்பா, அதுல வீட்டுப்பாடம் இருக்குப்பா, திங்கக்கிழம டீச்சர்ட்ட காட்டணும்ப்பா" என்று என் சட்டையைப் பிடித்தாய். திங்கட்கிழமை உன் பையில் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேட்டுப்பட்டிக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டே முக்கால். மேடம் போனை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். எந்த வரிகள் என்று விரலால் காட்டினேன்.

அவர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இதயெல்லாம் ஏண்ணே எழுதல?"

"க்ளிப்பு லூசுன்னு நெனச்சேன் மேடம்."

"நான் கேட்டேன்ல? வாய்விட்டுக் கேட்டேன்ல?"

ஐ.டி.ஐ. ரெக்கார்டு நோட்டு, வாத்தியார் என்று ஏதோ உளறினேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாலு வரிதானா? இன்னும் எதும் இருக்கா?"

"நாலுதான் மேடம்."

"சத்தியமா?"

அதுவரை அவர் என்னிடம் சத்தியம் கேட்டதில்லை. சத்தியமாக என்றேன். அவர் நாற்காலியைத் திரையின் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நிஜப் போர்டை அவர் தொடவில்லை. முதலில் பொய்ப் பஸ்ஸுக்குள் போனார். அந்த நான்கு வரியில் உள்ளபடி பொய் வாட்ச்மேனையும் தாமதிக்க வைத்தார். சில சமயம் "பொறு" சொல்லவும், சூடு பார்க்கும்போது பதிலை இழுக்கவும் கற்றுக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் நான் பக்கத்தில் நின்று, அவர் கேட்கும்போது நேரங்களை வாசித்தேன். மூன்று மணிக்குப் பொய்ப் போர்டை எழுப்பினார். திரையின் ஓரத்தில் நொடி ஓடியது. ஆறு. ஏழு. எட்டு. திரை கறுத்தது.

"விழுந்துருச்சு!" என்று மேடம் மேசையில் ஓங்கி அடித்தார். "அண்ணே, நம்ம மெஷினும் விழுந்துருச்சுண்ணே!" ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் எங்கள் பொய்க் கம்ப்யூட்டர் சமத்தாக நடித்து எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நிஜம் விழுகிற இடத்தில், நிஜம் விழுகிற மாதிரியே விழுந்தது.

அதன் பிறகு வேலைதான். "பொறு" என்று வாட்ச்மேன் சொன்னால் கோபித்துக்கொண்டு போகாமல், நின்று மறுபடி கேட்க வேண்டும் என்று பெரியவனின் புரோகிராமை மாற்றினார். பொய்ப் போர்டில் நூறு தடவை எழுப்பினோம். நூறு தடவையும் எழுந்தது. சனிக்கிழமை மத்தியானம் அதை நிஜப் போர்டில் ஏற்றினோம். சுவிட்சில் கை வைக்கச் சொல்லி என்னைப் பார்த்தார். போட்டேன். இந்தத் தடவை இரண்டு பேரும் வாய்விட்டே எண்ணினோம். எட்டு. ஒன்பது. பத்து. முப்பது வரை எண்ணிவிட்டு மேடம் கீழே ஓடினார். நான் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். போர்டு காலையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் திருப்திதான். ஆனால் அவரும் விஷயம் தெரிந்தவர். "பொதன்கிழமை வந்த போர்டு சனிக்கிழமை வரைக்கும் எதுக்குங்க படுத்துது?" என்று கேட்டார். மேடம் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். நீல நோட்டை உனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், அதன் ஜெராக்ஸைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். அவசரத்தில் கடைசித் தாளில் உன் கணக்கும் சேர்ந்து வந்திருந்தது. "இது ஆருதுங்க? மீதி தப்பா வருதுங்களே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். "இவர வச்சுக்கறதா வேண்டாமான்னு நீங்கதாங்கம்மா சொல்லோணும்."

மேடம் அந்தத் தாள்களைத் தன் பக்கம் இழுத்து ஒரு தடவை புரட்டினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு உன் பள்ளிக்கூடம், அரிசி, டிவி கடையில் என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் வந்து போனது.

"இருக்கட்டும் சார். இனிமே இங்க ஃபேர் நோட்டு கிடையாது, அவ்வளவுதான்" என்றார்.

அறை இருந்தது. அதற்கு மேல் ஒன்றரை வருடம் எச்.எம். ஐயாவும் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் க்ளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து ஆயா கூப்பிட்டார். அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது. மேடம் செருப்பில்லாமல் ஓடினார். நானும் பின்னால் போனேன். ஐயாவின் இடது கை மகளின் கையைத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரம்தான். பிடித்தபடியே போய்விட்டார். மறுநாள் மேடத்தின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து, சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று, "நான் இல்லாமப் போயிட்டேனே, நான் இல்லாமப் போயிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்ற என்னால் மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வருடம் அவர் பெங்களூருக்கே போய்விட்டார். நான் இப்போது ஒரு கல்லூரி லேபில் உதவியாளன். ரெக்கார்டு நோட்டோடு பிள்ளைகள் வருகிறார்கள். கோட்டை விட்டு ஒரு புள்ளிகூட விலகாது. ரஃப் நோட்டைக் கொண்டு வா என்று கேட்கிறேன். இந்த ஆளுக்கு என்ன வந்தது என்பது போலப் பார்க்கிறார்கள்.

இதுவரை எழுதியதை நேற்று உட்கார்ந்து படித்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போனவன், பன்னிரண்டே முக்காலுக்குத்தான் திரும்பினேன். மேடம் அன்றைக்குக் காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், ரோட்டோரம் ஒரு பூந்தோட்டத்துக்குள் பெரிய கிணறு இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கிணற்றுச் சுவரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த நோட்டு இல்லாவிட்டால் போர்டுதான் பழுது. யாருக்கும் எதுவும் தெரியாது. நோட்டு கிடைக்கவில்லை என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. எதற்குப் போனேன் என்றே அவருக்குத் தெரியாதே. நோட்டைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தேன். கீழே என் தலையும் நோட்டும் ஆடுவது தெரிந்தது.

கஞ்சி ஊட்டும் மேடத்தை நினைத்தேன், மனம் திருந்தினேன் என்று எழுதத்தான் கை வருகிறது. நடந்தது அது இல்லை. காற்றில் அட்டை திறந்துகொண்டு, பின்பக்கத்தில் நீ பாதியில் விட்டிருந்த வகுத்தல் கணக்கு தெரிந்தது. திங்கட்கிழமை இது இல்லாமல் நீ டீச்சர் முன்னால் எழுந்து நிற்பாயே என்று தோன்றியது. நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.